சா கலோப்ராவுக்கு வாரத்தில் இரண்டு காலைப்பொழுது: மயோர்க்கா தீவு மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மயோர்க்கா தீவு மன்றத்தின் சாலைத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடங்களாக மார்ச் மாதம் ஒரு வாரம் ஸ்பெயினைச் சேர்ந்த உங்கள் தீவுக்கு வந்து, வாடகை சைக்கிளில் மலைச் சாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறவன். மனதில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்கு வருகிற மொழி தமிழ், அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். கத்தலான் மொழியில் மாற்றித் தர நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பிரதி தனியே உங்கள் அலுவலகத்துக்கு வரும். தமிழில் இதைப் படிக்கப்போகிறவர்களில் லண்டன், பாரிஸ், சூரிக் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களும் உங்கள் சாலைகளுக்கு வருகிறவர்கள், வரப்போகிறவர்கள்.

நான் கேட்பது இதுதான். பிப்ரவரி முதல் மே வரை, வாரத்தில் இரண்டு நாள், காலையிலிருந்து நண்பகல் 12 மணி வரை, மலைக்குக் கீழே இருக்கும் சா கலோப்ரா கடற்கரைக்கு இறங்கும் சாலையில் சுற்றுலாப் பேருந்துகளும் வாடகைக் கார்களும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குடியிருப்பவர்கள், கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்கள், பொதுப் பேருந்து, ஆம்புலன்ஸ் எல்லோரும் எப்போதும்போல் போகட்டும்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, முதலில் இன்னொரு சாலைக்குப் போக வேண்டும்.

தீவின் தலைநகர் பால்மாவிலிருந்து சோயெர் ஊருக்குப் போகும் பழைய மலைப்பாதை 496 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டுகிறது. ஒரு காலத்தில் சோயெருக்குப் போகும் வண்டியெல்லாம் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஏறி இறங்கியது. 1997-ல் மலைக்கு அடியில் சுமார் 3 கிலோமீட்டர் சுரங்கச் சாலை வந்தது. சுங்கம் கட்ட மனமில்லாதவர்கள் அப்புறமும் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2017 டிசம்பரில் அந்தச் சுங்கத்தை எடுத்தீர்கள். மேலே போக யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

இப்போது மார்ச் மாதக் காலை ஏழரை மணிக்கு அங்கே ஏறிப் பாருங்கள். முதலில் கேட்பது சொந்த மூச்சு. அப்புறம் சங்கிலி பல்சக்கரத்தில் உரசும் ஓசை. பிறகு எங்கோ ஆலிவ் மரங்களுக்கு நடுவே ஆட்டு மணி. ஒரு கார் வந்தால் மூன்று வளைவு கீழே இருக்கும்போதே காதில் விழுந்துவிடும். ஒதுங்கி நிற்க நிறைய நேரம் இருக்கும். போன வருடம் உச்சி வரை ஏறுவதற்குள் என்னைக் கடந்தது இரண்டே வண்டிகள். அதில் ஒன்று ரொட்டி வேன். அந்தப் பக்கம் இறங்கினால் சோயெர் பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறது. பிரேக்கைப் பிடித்த விரல்கள் குளிரில் விறைத்திருக்க, சதுக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆரஞ்சுச் சாறு குடித்த காலைகள்தான் எனக்கு அந்த வருடம் முழுவதும் தாங்குகிறவை.

சைக்கிளுக்கு என்று யாரும் அந்தப் பாதையைப் போடவில்லை. பச்சை வண்ணம் பூசவில்லை, தடுப்புக் கம்பி நடவில்லை. காருக்கு வேறு வழி கிடைத்தது, அதைப் பயன்படுத்தக் காசும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அங்கிருக்கும் அமைதி உங்கள் முடிவால் வந்த அமைதி.

சரி, சா கலோப்ராவுக்கு வருகிறேன். அது போய் முட்டும் சாலை. கோல் தெல்ஸ் ரெய்ஸ் என்ற 682 மீட்டர் கணவாயிலிருந்து கடலுக்கு இறங்கினால், திரும்ப அதே வழியில்தான் ஏற வேண்டும்: ஒன்பதரை கிலோமீட்டர், சராசரியாக 7 சதவீத ஏற்றம். பொறியாளர் அந்தோனியோ பாரியெத்தி வடிவமைத்து 1932-ல் முடித்த பாதை. மலையைக் குடைந்து சுரங்கம் போடாமல், மலை எப்படி வளைகிறதோ அப்படியே தானும் வளைந்து இறங்குகிறது. ஓரிடத்தில் முழுச் சுற்றாகச் சுழன்று தனக்கே அடியில் நுழைந்து போகிறது. ஊர்க்காரர்கள் அதை டை முடிச்சு என்கிறார்கள். ஃபோர்மென்தோர் முனைக்குப் போகும் சாலையும் அதே மனிதர் போட்டதுதான். கையும் கடப்பாரையுமாக இவ்வளவு நயமான வேலையா என்று ஒவ்வொரு தடவையும் நின்று பார்க்கிறேன். அந்தச் சாலைமேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் தங்குவது தீவின் வடக்கே, பொயென்சா துறைமுகம், அல்குதியா பக்கம். பொயென்சா துறைமுகத்திலிருந்து மலையேறி, யூக் மடத்தைத் தாண்டி, சா கலோப்ரா கடற்கரைக்குச் சேரச் சுமார் 45 கிலோமீட்டர். விடிந்ததும் கிளம்பினாலும் இறங்கும்போது மணி பத்து, பத்தரை ஆகிவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வருவதும் அதே நேரம். ஆக, நாங்கள் இறங்கும்போது எதிரே பேருந்து, ஏறும்போது பின்னால் பேருந்து.

இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. பாதையின் கீழ்ப்பகுதியில் இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே சாலை இடுங்கிப் போகும் இடம் ஒன்று உண்டு. நான் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பது அடி முன்னால் வயதான ஒருவர், எழுபது இருக்கும், மெதுவாக மிதித்துக்கொண்டு போனார். மேலிருந்து ஒரு வெள்ளைப் பேருந்து வந்தது. அதன் பின்னால் ஒரு வாடகைக் கார், ஜன்னலுக்கு வெளியே ஒரு கை, கையில் படம்பிடிக்கும் கைபேசி. பேருந்து ஓட்டுநர்மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவர் நடைவேகத்தில்தான் வந்தார். ஆனால் அந்த வண்டியின் அகலத்துக்கும் பாறைக்கும் நடுவே மிச்சமிருந்த இடம் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கத்தான் போதும். பெரியவர் சைக்கிளைப் பாறையில் சாய்த்து, முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். பக்கக் கண்ணாடி அவர் தலைக்கவசத்தை ஒட்டிப் போயிற்று. பேருந்து போனதும் கார் பொறுக்காமல் வேகமெடுத்தது. நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான்தான் திறந்து கொடுத்தேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்பது ஸ்பெயினின் சட்டம். நல்ல சட்டம். ஆனால் ஒன்றரை மீட்டர் இல்லாத இடத்தில் அதை எங்கிருந்து விடுவது?

அப்படியானால் சாலையை அகலப்படுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தச் சாலைகள் ஓடும் த்ராமுந்தானா மலைத்தொடர் 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது பண்பாட்டு நிலப்பரப்பு என்ற பெயரில்தான். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்களும், அவை தாங்கி நிற்கும் படிக்கட்டு வயல்களும், ஆலிவ் தோப்புகளும் சேர்ந்ததுதான் அந்தப் பாரம்பரியம். பன்யால்புஃபார் ஊரில் அந்தப் படிகள் கடல் வரைக்கும் இறங்குவதை நின்று பார்த்தவர்களுக்கு, ஒரு மீட்டர் அகலத்துக்காக எதை உடைக்க வேண்டியிருக்கும் என்று தெரியும். அகலமாக்கினால் இன்னும் பெரிய பேருந்து வரும், வேறொன்றும் நடக்காது. இடம் கூட்ட முடியாத மலையில் நேரத்தைத்தான் பிரித்துக் கொடுக்க முடியும்.

அதற்கு முன்மாதிரியும் உங்கள் தீவிலேயே இருக்கிறது. 2018 முதல் கோடைக்காலப் பகல்களில் ஃபோர்மென்தோர் சாலையில் தனியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பேருந்தில் போகிறார்கள், சைக்கிளுக்குத் தடையில்லை. ஆனால் சைக்கிள்காரர்கள் அதிகம் வருவது கோடையில் அல்ல. வாதுமை பூக்கும் பிப்ரவரியில் தொடங்கி, வெயில் ஏறும் மே வரைக்கும்தான். அதனால்தான் அந்த நான்கு மாதங்களைக் கேட்கிறேன்.

சா கலோப்ராவில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதனால் கவலை வரும், அது நியாயமான கவலை. கீழே உணவகம் நடத்துகிறவருக்கு மதியத்துக்கு முன் வரும் கூட்டமும் முக்கியம். ஆனால் அந்தக் கடற்கரைக்குச் சோயெர் துறைமுகத்திலிருந்து படகும் வருகிறது. தொரெந்த் தெ பாரெய்ஸ் ஓடை மலையைப் பிளந்துகொண்டு கடலில் சேரும் இடத்துக்குக் கடல்வழியாக வருவதைவிட அழகான வருகை இருக்க முடியாது. அந்த இரண்டு காலைகளில் படகுச் சீட்டுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தால் கூட்டம் வேறு வழியில் வந்து சேரும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் விதியைத் தளர்த்திவிடுங்கள். பேருந்து நிறுவனங்களுக்கு இழப்பு என்றால், அவர்கள் மதியத்துக்கு மேல் வரட்டும். பயணிகளுக்கு வெளிச்சமும் அப்போது நன்றாக இருக்கும்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி முகாம்களிலிருந்து இருபது, முப்பது பேராகக் கிளம்பிச் சாலையை அடைத்துக்கொண்டு போகிறோம். விடிகாலையில் தெயா ஊருக்குள் கத்திப் பேசிக்கொண்டு போகிறோம். சக்திக் கூழ் (எனர்ஜி ஜெல்) குடித்த உறையைச் சாலையோரம் எறிந்துவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். புன்யோலாவிலிருந்து ஒரியென் பள்ளத்தாக்குக்குப் போகும் ஒற்றை வண்டி அகலச் சாலையில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் கூட்டத்தின் பின்னால் இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து வந்தது. ஒருவர்கூட ஒதுங்கவில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த டிராக்டரை ஓட்டியவர் சாலைக்கு வரியும் கட்டி, எங்களுக்கும் பொறுத்துப்போனார். எனவே இந்தக் காலைப்பொழுதுகளைத் தரும்போது எங்களுக்கும் ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளிலேயே அதை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மீறினால் அபராதம் விதியுங்கள், கட்டுகிறோம்.

இன்னொரு சின்ன விஷயம். சோயெர் கணவாயின் இரு முனைகளிலும், அவசரமாகப் போகிறவர்களுக்குச் சுரங்கச் சாலை இலவசம் என்று நான்கைந்து மொழிகளில் பெரிதாக எழுதிய பலகை வையுங்கள். வாடகைக் காரில் வரும் பலருக்கு அது இப்போதும் தெரிவதில்லை.

என்னால் முடிந்ததையும் செய்யத் தயாராக இருக்கிறேன். அடுத்த மார்ச்சில் வரும்போது, கோல் தெல்ஸ் ரெய்ஸ் கணவாயில் இரண்டு காலை உட்கார்ந்து, எத்தனை பேருந்து, எத்தனை கார், எத்தனை சைக்கிள் என்று கால் மணிக்கு ஒருமுறை எண்ணி எழுதப்போகிறேன். கூட உட்காருவதாக மூன்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாள்களை உங்கள் அலுவலகத்தில் நேரில் வந்து கொடுக்கிறேன். எந்த இரண்டு நாள் எண்ணினால் உங்களுக்குப் பயன்படும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஒவ்வொரு மார்ச்சிலும் வந்துபோகும் ஒரு சைக்கிள்காரன்
ஸ்டுட்கார்ட்