வடசென்னைப் பள்ளிகளுக்கு ஆலோசகர் எப்போது வருவார்? - பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் மாநகராட்சிக் கல்விப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். வியாசர்பாடியில் இரவுப் பாடசாலை ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பகுதியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை செய்யப்பட்டபோது நாடே எங்கள் தெருக்களை டிவியில் பார்த்தது.

போன வாரம், எங்களிடம் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பையனை, கசங்கிய யூனிபார்மில் வந்தான் என்று பிரேயர் முடிந்ததும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இது முதல் முறை இல்லை. டைரியில் 'ஒழுங்கீனம்' என்று எழுதி, அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவர் புரசைவாக்கத்தில் வீடுகளில் சமையல் வேலை செய்பவர். லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். போய் நின்றவரிடம் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல என்ன பிரச்சினை? புருஷன் குடிக்கிறாரா?"

வீட்டில் பிரச்சினை இல்லை. நடந்தது இதுதான். சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, ஹவுசிங் போர்டு குடியிருப்பில் போலீஸ்காரர்கள் பிளாக் பிளாக்காகக் கதவைத் தட்டினார்கள். இவனுடைய அண்ணன் கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். புழுக்கத்தில் வெறும் ஜட்டியோடு படுத்திருந்தான். லுங்கி கட்டிக்கொள்கிறேன் என்றவனை விடவில்லை. அப்படியே மூன்று மாடி இறக்கி, தெருவிளக்கின் கீழே நிற்கவைத்தார்கள். எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. மறுநாள் மதியம், 'ஆள் மாறிப்போச்சு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தம்பி பேன்ட் சட்டை போட்டுக்கொண்டுதான் படுக்கிறான். அவனிடம் இருக்கும் முழு பேன்ட் பள்ளி யூனிபார்ம் மட்டும்தான். பெல்ட்டையும் கழற்றுவதில்லை. கரண்ட் போன இரவுகளிலும் அப்படியேதான் கிடக்கிறான் என்கிறார் அம்மா. எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது காலையில் அவன் போட்டிருக்கும்போதே சட்டையில் தண்ணீர் தெளித்துக் கையால் நீவிவிடுகிறார். அந்தச் சட்டைதான் பிரேயரில் ஒழுங்கீனம் ஆனது.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஓர் ஆசிரியருக்கு மெமோ கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவீர்கள். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடமும் நடத்தி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் செய்கிறவரிடம், எந்தப் பிள்ளை எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்றும் கண்டுபிடியுங்கள் என்றால் எப்படி? அதற்கென்று ஆள் வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்: வடசென்னையின் ஒவ்வொரு அரசு, மாநகராட்சி, உதவிபெறும் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரை முழுநேரமாக நியமியுங்கள். எப்போதாவது வந்து கூட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிகிற, அடுத்த மாதமும் அதே நாற்காலியில் இருக்கிற ஒருவர் வேண்டும்.

'வீட்ல என்ன பிரச்சினை' என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் பட்ட துயரங்கள் கூடக்கூட, பெரியவரானபின் இதய நோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம் எல்லாம் கூடுகின்றன என்று காட்டிய ஆய்வு அது. ஆனால் அவர்கள் கேட்டது பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பவை பற்றித்தான்: அடி, திட்டு, குடி, சிறைக்குப் போன உறவு. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் சான் டியேகோவின் படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள வெள்ளையர்கள். தெருவில் நடக்கும் வன்முறை, நிறத்தால் வரும் அவமானம், பாதுகாப்பில்லாத குடியிருப்பு இவற்றையெல்லாம் பட்டியலில் சேர்த்தது பின்னால் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆய்வுதான். அந்த நாட்டில் 2016-இல் எடுத்த கணக்கில், இப்படி ஒரு துயரமாவது பட்ட குழந்தைகள் வெள்ளையரில் நூற்றுக்கு 40, கறுப்பினத்தவரில் 61. ஏழ்மை மட்டும்தான் காரணம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. வசதி வந்தால் வெள்ளைக் குழந்தைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு கறுப்பினக் குழந்தைக்கு அதே அளவில் கிடைப்பதில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே நிறத்தின் இடத்தில் சாதி இருக்கிறது, கூடவே முகவரி. அந்த அண்ணன் மாதச் சம்பளக்காரன்தான். கம்பெனி அடையாள அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலிருந்த அம்பேத்கர் படத்தையும் பிளாக் நம்பரையும் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. 'வீட்ல என்ன பிரச்சினை' என்று கேட்கும் படிவத்தை அந்த வீட்டுக்கு நிரப்பினால் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றுதான் வரும். பிள்ளை மட்டும் பெல்ட்டோடு தூங்குவான்.

பிள்ளைகள் குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறோம் என்பீர்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கும் பெட்டியில், என் அண்ணனை ஜட்டியோடு கூட்டிப்போனார்கள் என்று எந்தப் பையன் எழுதிப் போடுவான்? 14417, 1098 என்ற உதவி எண்களும் சுவரில் இருக்கின்றன, சரி. போன் அம்மாவோடு புரசைவாக்கம் போய்விடுகிறதே.

இந்த ஊருக்கு இது புரியாத விஷயம் இல்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1920-லேயே மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியே இருக்கிறது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. எங்கள் பிள்ளைகள் அதைச் சாப்பிடுகிறார்கள், நன்றி. பயந்த பிள்ளைக்கும் பாடம் ஏறாது என்பதற்கு இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்? நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு அரசே அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதில் இருக்கிறது. அறிக்கை உங்களிடம்தான் இருக்கிறது.

கதவைத் தட்டியது நாங்கள் இல்லையே, அது வேறு துறை என்பீர்கள். காவல் துறையோடு சேர்ந்து 2022-இல் சென்னையின் 100 பள்ளிகளில் 'சிற்பி' திட்டம் தொடங்கியபோது மட்டும் ஒரே துறையாக இருந்தீர்கள். பகலில் போலீஸ் மாமா நண்பர் என்று வகுப்பெடுக்கிறார்கள். இரவில் நண்பர் வந்து கதவை உதைக்கிறார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்களே, அந்தப் பிள்ளைகளிடம் பிறகு யார் உட்கார்ந்து பேசியது? கரித்தூள், குப்பைமேடு, எண்ணெய் எல்லாம் எங்களுக்கு. கத்தியோடு ஒரு ஹீரோவை ஓடவிட வேண்டும் என்றால் சினிமாக்காரர்களுக்கும் எங்கள் சந்துதான் வேண்டும். ஷூட்டிங் முடிந்தபின் சந்தில் மிச்சமிருக்கிற பிள்ளைகளைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: ஆலோசகர். அவர் வரும்வரை, யூனிபார்முக்காகவும் தாமதத்துக்காகவும் எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்த வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. அதையே மேற்கோள் காட்டலாம்.

இதுபற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டால் எங்கே என்றாலும் வருகிறோம். தயவுசெய்து கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். அப்போதுதான் அம்மாக்கள் வேலை முடிந்து வர முடியும்.

இப்படிக்கு,
வியாசர்பாடி இரவுப் பாடசாலை ஆசிரியை ஒருவர்