இழுத்தும் ஒலிக்காத மணி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதைப் படித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே குளிர் ஒருவழியாக விட்டுவிட்டது. இரவுப் பணியும் இந்த மாதத்தோடு முடிகிறது. போன வாரம் தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன நாடக விஷயத்தை இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

இந்த இங்கிலாந்துச் சிற்றூரில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. தபால்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, தச்சர் என்று எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள்தாம். வாரம் இரண்டு மாலை தேவாலயக் கூடத்தில் ஒத்திகை. என்னோடு பணிபுரியும் ஒரு பெண் அழைத்துப் போனாள். எடுத்திருக்கும் கதையைச் சொன்னதும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. மின்சாரம் போன இரவுகளில் நீங்கள் எங்களுக்குச் சொல்வீர்களே, வேலையாளைக் கூப்பிட இழுக்கும் மணிக்கயிற்றின் வழியே பாம்பு இறங்கிவரும் ஷெர்லக் ஹோம்ஸ் கதை, அதேதான்!

ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கடந்தால் இங்கே பதிப்புரிமை முடிந்துவிடும். ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் 1930இல் இறந்தார். அதனால் இப்படிப்பட்ட சிறு குழுவும் அவர் கதையை எடுத்துத் தானே நாடகமாக எழுதிக்கொள்ளலாம். டாயிலே 1910இல் இதை லண்டன் அடெல்ஃபி அரங்கில் மேடையேற்றியிருக்கிறார். உயிருள்ள மலைப்பாம்பையே கொண்டுவந்தாராம். அது சுவர் ஓட்டையிலிருந்து அசையாமல் தொங்க, ஒரு விமர்சகர் அதைப் பொம்மைப் பாம்பு என்று எழுதிவிட்டார். கடைசியில் நிஜமாகவே பொம்மைப் பாம்புக்கு மாறினார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை வசனம் எடுத்துக்கொடுப்பது. பக்கத் திரை மறைவில் ஒரு முக்காலி, சிறு விளக்கு, மடியில் பிரதி. இங்கே வந்த பதினான்கு மாதங்களில், மருத்துவமனைக்கு வெளியே நான் வரவில்லையே என்று சிலர் வாசலைப் பார்த்தபடி இருந்தது இதுதான் முதல்முறை அப்பா.

எனக்கு ஆரம்பத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. துப்பறியும் கதையில் முக்கியமானதெல்லாம் ஹோம்ஸின் தலைக்குள் நடக்கிறது. புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டி அவர் விளக்கும்வரை காத்திருக்கிறோம். மேடையில் ஒருவர் யோசிப்பதை எப்படிக் காட்டுவது?

முதல் நாள் அரங்கேற்றம். ஹோம்ஸாக நடிப்பவர் தபால்காரர். கட்டிலருகே தொங்கும் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒலி வரவில்லை. கதைப்படி அது வராதுதான். அந்தக் கயிறு எந்த மணியோடும் கட்டப்படாதது. அடுத்த வசனம் வர வேண்டும். அவர் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டார் என்று பயந்து, எடுத்துக்கொடுக்க உதட்டைக் குவித்துவிட்டேன். அப்போது அவர் கண்கள் கயிற்றோடு மேலே ஏறி, சுவரிலிருந்த சிறு காற்றுத்துளையில் நின்றன. பிறகு மெல்லக் கட்டிலுக்கு இறங்கின. முன்வரிசையில் ஒரு சிறுவனின் தலையும் அப்படியே ஏறி இறங்கியது. கூடத்தில் எல்லோருக்கும் அந்த ஒலிக்காத மணி கேட்டுவிட்டது. நான் விரலைப் பிரதியில் அழுத்தியபடி மூச்சுவிடாமல் இருந்தேன். புத்தகத்தில் நாலைந்து வரியில் கடந்துபோகும் இடம் இது. இவ்வளவு இருந்திருக்கிறது அதற்குள்!

இன்னொன்றும் புரிந்தது. 'பேண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பட்டை என்றும் பொருள், கூட்டம் என்றும் பொருள். பாம்பு கடித்துச் சாகும்போது அந்தக் கதைப் பெண்ணின் இரட்டைச் சகோதரி 'புள்ளிப் பட்டை' என்று அலறியதாகத்தான் நீங்கள் சொல்வீர்கள். இங்கே அந்தச் சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் தோட்டத்தில் தங்கியிருக்கும் நாடோடிக் கூட்டத்தைச் சந்தேகிக்கிறார்கள். தமிழில் அந்தத் திருப்பத்தைக் கொண்டுவர வழியே இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்ன விதத்தில் எங்களுக்குப் பயம் குறையவில்லை.

பாம்பை நான்தான் தைத்தேன். பழைய சேலை ஒன்றின் மஞ்சள் ஓரத்தைக் கிழித்துக் குழாயாக்கி, உள்ளே மணல் அடைத்து, பழுப்பு மையால் புள்ளி வைத்தேன். தச்சர் கறுப்பு நூலில் கட்டி இறக்கியபோது சட்டென்று விழுந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுச் சுவரில் பார்த்ததை நினைத்து, தலை முதலில் வந்து நிற்க வேண்டும், உடல் பின்னால் வர வேண்டும் என்று சொன்னேன். ஒரு மாலை முழுவதும் அதையே பழகினார். கதையில் வருவதுபோலப் பாம்பு பால் குடித்து விசிலுக்குத் திரும்பிவருமா என்றும் கேட்டார்கள். வராது, பாம்புக்கு வெளிக்காது இல்லை, தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்டாலும் விசில் போன்ற கீச்சொலி அதற்குச் சரியாகக் கேட்காது என்றேன். ஆனாலும் கிண்ணத்தையும் விசிலையும் எடுக்க வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். இருட்டில் அந்த விசில் ஒலிக்கும்போது கூடத்தில் ஓர் இருமல்கூட இல்லை.

மூன்று நாட்களும் நன்றாக நடந்தன. பாம்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அடுத்த நாடகத்துக்கு இன்னொரு ஹோம்ஸ் கதையைத் தேடுகிறார்கள். எனக்கு வேட்டைநாய்க் கதையில்தான் ஆசை, ஆனால் நாயை எப்படி மேடைக்குக் கொண்டுவருவது என்று தெரியவில்லை. உங்களுக்கு எது தோன்றுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வரும் வியாழக்கிழமைக்கு முந்தி கிடைத்தால் கூட்டத்தில் சொல்லிவிடுவேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகள்