ஒரு நிமிட அமைதி கேட்டவனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

நம் மாணவப் படத்தை முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்தவற்றை வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒலிக் கோப்புகள் இருந்த இடத்தில் நீ பெயரிட்ட வரிசை கலையாமல் இருந்தது: காட்சி எண், ஷாட் எண், அந்த ஷாட்டை எத்தனையாவது முறை எடுத்தோம் என்ற டேக் எண். எல்லாவற்றுக்கும் கடைசியில் எண்ணே இல்லாத ஒரு கோப்பு. ‘அறை’ என்று மட்டும் பெயர். நீளம் 1 நிமிடம் 12 விநாடி.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரே அதற்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். ஊரறிய எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அன்று உன்னைக் குறை சொன்னபோது நான் தனியாகச் சொல்லவில்லை.

மூன்று இரவுகள், ஒரே அறை, இரண்டு நடிகர்கள், பன்னிரண்டு நிமிடப் படம். வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய இரவில் அப்பாவும் மகளும் பெட்டி கட்டுகிறார்கள். பேச வேண்டியதை மட்டும் பேசாமல் மற்றதையெல்லாம் பேசுகிறார்கள். கதை இவ்வளவுதான். இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு நான் எதற்குக் கடன் வாங்கினேன் என்று நினைவிருக்கிறதா? லென்ஸுக்கு. முகத்துக்குப் பின்னால் எல்லாம் மங்கிக் கரைய வேண்டும் என்ற பித்து. லென்ஸின் துளையை முழுவதும் திறந்து, பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில சென்டிமீட்டர்தான் என்பதைப் படப்பிடிப்பில்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பெண் மூச்சை இழுத்து விட்டாலே கண் மங்கி மூக்கு தெளிந்தது. முதல் இரவில் பாதி, ஃபோகஸைத் துரத்துவதிலேயே போயிற்று.

ஒலிக்கு நாம் ஒதுக்கியது நீ கடன் வாங்கி வந்த ஒரு ரெக்கார்டர், ஒரு மைக், அதை மாட்டிப் பிடிக்கப் ‘பூம்’ என்கிற ஒரு நீண்ட கழி. கேமராவைச் சுற்றி ஐந்து பேர். மைக்குக்கு நீ ஒருவன்.

வந்தவுடன் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாய். பிறகு ஃபிரிட்ஜை. அணைத்துவிட்டு உன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்தாய். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜைப் போட மறக்க முடியாது என்றாய். நாங்கள் சிரித்தோம். வியர்த்துக் கொட்டுகிறது, இந்த விசிறிச் சத்தம் யாருக்குக் கேட்கிறது என்று நான் கேட்டேன். நீ பதில் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாய். அறைக்குள் ஒரு லாரி நின்று உறுமுவது போல இருந்தது. பழகிய சத்தத்தை நம் மூளை தள்ளிவிடுகிறது. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. புரிந்துகொண்டேன் என்று தலையாட்டினேன். அரை மணி நேரத்தில் மறந்தும் போனேன்.

ஏனென்றால் எனக்கு அகலமான ஷாட் வேண்டியிருந்தது. “பூம் நிழல் விழுகிறது, தள்ளிப் பிடி” என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! நீ ஒவ்வொரு முறையும் ஒரு சாண் பின்வாங்கினாய். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியோ ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. பிறகு எடிட்டிங்கில் குரலைக் கூட்டினால் சுவரும் சேர்ந்தே கூடுகிறது. அப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததற்கு நீ காரணமில்லை, என் அகலமான ஷாட்தான் காரணம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இன்னொன்றும்: மகள் வெடித்துக் கத்தும் இடத்தில் ஒலி குறைவாகப் பதிந்திருக்கிறது என்று புலம்பினேனே, அது நீ ஒத்திகையைக் கேட்டுவிட்டு முன்கூட்டியே அளவைக் குறைத்ததால்தான். குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். அளவு மீறிப் பதிந்து, உச்சி வெட்டுப்பட்டு உடைந்த குரலை எவராலும் ஒட்ட முடியாது. அந்தக் கத்தல் இன்று கேட்டாலும் முழுசாக இருக்கிறது.

இரண்டாம் இரவு நேரம் போதவில்லை என்று கிளாப் போர்டை ஓரம் கட்டினேன். கையைத் தட்டினால் போதும் என்றேன். பிறகு அதையும் விட்டேன். படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கருவியில் எடுக்கும்போது கட்டைகள் மோதும் அந்த ஒரு ஃபிரேமும் அந்த ஒரு ஓசையும்தான் இரண்டையும் கட்டும் முடிச்சு. முடிச்சில்லாத நான்கு டேக்குகளோடு உட்கார்ந்தேன். என்னைக் காப்பாற்றியது வசனத்தில் மகள் சொல்லும் “அப்பா”தான். ‘ப்ப’ என்று உதடு ஒட்டும்போது ஒலி அறுந்துபோகிறது, பிரியும்போது வெடிக்கிறது. கணினித் திரையில் ஒலியின் அலைவடிவத்தில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். பகரமும் மகரமும் வரும் இடமெல்லாம் கிளாப் போர்டு என்று அன்று கண்டுபிடித்து, ஏதோ நானே உலகுக்கு வழங்கியதுபோலக் குதித்தேன். (படத்தொகுப்பாளர்கள் எல்லோரும் அறிந்த விஷயம் என்று பிறகு தெரிந்தது.)

அப்படி ஒட்டும்போது விளங்காத ஒன்று இருந்தது. குரல் ஒரு ஃபிரேம் முந்தினாலே உறுத்தியது. இரண்டு ஃபிரேம் பிந்தினாலும் உறுத்தவில்லை. காரணம் இப்போது தெரியும். ஒலி ஏறக்குறைய 45 மில்லிவிநாடி முந்தினால் மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தும்போதோ 125 மில்லிவிநாடி அளவுக்குப் பிந்தினால்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒலிபரப்புத் துறைக்கான சர்வதேசப் பரிந்துரைகளிலேயே இந்த எண்கள் இருக்கின்றன. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிவிநாடி. அதற்குள் ஒலி போகும் தூரம் 14 மீட்டர் சொச்சம். அத்தனை தூரம் தள்ளி நின்று ஒருவர் நம்மைக் கூப்பிட்டால், உதடு அசைந்து ஒரு ஃபிரேம் கழித்துத்தான் குரல் வந்து சேர்கிறது. பிறந்த நாள் முதல் நாம் பிந்திய ஒலிக்குப் பழகியவர்கள். முந்திய ஒலியை இயற்கை நமக்குக் காட்டியதே இல்லை.

செல்போனில் எடுத்த ஷாட்டுகள் வேறு வகைத் தொல்லை. அது வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைத் தானே ஏற்றி இறக்கும். தொடக்கத்தில் ஒட்டிய உதடு முடிவதற்குள் நழுவும். வெட்டத் தொடங்கும் முன்பே வேகத்தைச் சீராக்கி மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

படத்தைப் பொறுத்தவரை நான் செய்த பெரிய பிழை ஒன்றே. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைத் தாண்டிக் கேமராவை வைத்துவிட்டேன். வெட்டி அடுக்கினால் ஒருவரையொருவர் பார்ப்பதற்குப் பதிலாக இருவரும் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் ஆளை முறைத்தார்கள். இடையில் கயிறு கட்டும் கையின் ஷாட் ஒன்றைச் செருகிச் சமாளித்தேன். போகட்டும்.

உணர்ச்சியற்ற ஒரே முகத்தை வெவ்வேறு ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர்கள் பசி, துக்கம், ஆசை என்று அவரவர் படித்துக்கொள்வார்கள் என்று ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்த சோதனையை நமக்குப் பாடமாகச் சொன்னார்கள். ஒலிக்கும் அது பொருந்தும் என்பதை யாரும் சொல்லவில்லை. அப்பா ஜன்னலைப் பார்க்கும் ஷாட்டில் தற்செயலாக வேறொரு டேக்கின் ஒலி வந்து விழுந்தது. அதில் வாசலில் யாரோ வண்டியை நிறுத்தும் ஓசை. உடனே அவர் யாரையோ எதிர்பார்க்கிறவராகிவிட்டார். ஒலியை எடுத்தேன், வெறுமனே களைத்த மனிதரானார். நடிகர் இரண்டிலும் ஒன்றும் செய்யவில்லை. அந்த இரவு உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். அப்போது நமக்குள் பேச்சு இன்னும் நின்றிருக்கவில்லை.

ஓட்டைகளுக்கு வருகிறேன்.

மகளின் நீண்ட வசனத்தில் திணறல்களை வெட்டினேன். வெட்டிய இடங்களில் ஒலி இல்லை, அறவே இல்லை. உலகத்தில் எந்த அறையும் அப்படி இராது. ஆளற்ற அறைக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு, ஒவ்வோர் அறைக்கும் அது வேறு. அது வசனத்துக்கடியில் ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று அறுந்து, மறுபடி தொடங்கினால் பார்ப்பவரின் காதுக்கு வெட்டு கேட்டுவிடும். அடியில் விரிக்க அந்த அறையின் வெற்று ஒலி வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வோர் இரவும் நீ கேட்டாய்: “எல்லோரும் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், போதும்.” ஒவ்வோர் இரவும் நான் சொன்னேன்: “நேரமில்லை.”

ஓட்டைகளை இசையால் அடைத்தேன். முதல் நொடி தொட்டுக் கடைசி நொடி வரை. வெட்டும் இடத்தைத் தேர்வதில் உணர்ச்சிக்கே 51 சதவீதம் என்று ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் சொன்னதைக் கேட்பவர்களிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டு திரிந்த காலம் அது. 1997இல் ஒரே படத்துக்காகப் படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் வாங்கியவர் அவர் என்பது மட்டும் எனக்கு வசதியாக மறந்துவிட்டது.

திரையிடல் முடிந்ததும் ஒருவர் எழுந்தார். “இசை நன்றாக இருக்கிறது. அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள்?” அரங்கம் சிரித்தது. நான் மைக்கை வாங்கி, “ஒலிப்பதிவில் சில குறைகள் நடந்துவிட்டன” என்றேன். நீ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே சொல்லவில்லை.

இப்போது அந்தக் கோப்பு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் அதைப் பார்த்திருக்கிறேன். திறந்தேன், அலைவடிவத்தில் கடைசிச் சில விநாடிகள் தவிர வெறும் நேர்கோடு. ஏதோ தவறிப்போய்ப் பதிவான வெற்றுக் கோப்பு என்று மூடினேன். கேட்கவில்லை.

சென்ற வாரம் கேட்டேன். மூன்றாம் இரவு, எல்லோரும் வெளியே சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரமாக இருக்க வேண்டும். விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. மிகத் தொலைவில் ஏதோ போக்குவரத்து, எங்கோ மரம் நெரியும் ஒரு சிறு ஒலி, அவ்வளவுதான். உன் மூச்சுகூடக் கேட்கவில்லை, அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். 1 நிமிடம் 8ஆவது விநாடியில் கதவு திறக்கிறது. “இன்னும் என்ன செய்துகொண்டிருக்கிறாய், கிளம்பு” என்று ஒரு குரல் அதட்டுகிறது. என்னுடையது. பதிவு அத்தோடு நிற்கிறது.

என் குரலை வெட்டிவிட்டு மீதியைப் படம் முழுவதற்கும் அடியில் விரித்தேன். வெட்டுகள் மறைந்தன. இசையைக் கடைசி அரை நிமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். “அங்கே போனதும் கடிதம் போடு” என்று அப்பா சொல்வதற்கு முன் நடிகர் எடுத்துக்கொண்ட இடைவெளி நான்கு விநாடி. நான் அன்று அதை ஒரு விநாடியாக நறுக்கியிருந்தேன், ஓட்டை கேட்டுவிடுமே என்று. முழுவதையும் திருப்பி வைத்தேன். அந்த நான்கு விநாடியும் மகளின் முகத்தில் இருக்கிறோம், அப்பாவின் குரல் அவள் முகத்தின் மேலேயே வந்து விழுகிறது. படம் இப்போது 12 நிமிடம் 40 விநாடி.

பெயர்ப்பட்டியலில் உன் பெயர் விளக்குப் பிடித்தவர்களோடு ‘உதவி’ என்ற தலைப்பில் இருந்தது. எடுத்துத் தனியே போட்டிருக்கிறேன்: ஒலிப்பதிவு. எழுத்துப் பிழை இருந்தால் சொல், உன் தலைப்பெழுத்தில் எனக்கு எப்போதும் குழப்பம்.

ஒரே ஓர் இடம் மட்டும் ஒட்ட மறுக்கிறது. ஆறாவது நிமிடத்தில் மகள் இரும்புப் பெட்டியை இழுக்கும் ஓசை. அன்று பதிவானதில் என் இருமல் கலந்திருக்கிறது. 1920களின் இறுதியிலேயே ஜாக் ஃபோலி என்பவர் திரையைப் பார்த்தபடி காலடி ஓசைகளை நடந்து காட்டிப் பதிவு செய்யத் தொடங்கி, அவர் பெயரே அந்த வேலைக்குப் பெயராகிவிட்டதல்லவா. நாமும் செய்து பார்ப்போமே என்று இரண்டு நாட்களாக வீட்டில் பெட்டி இழுக்கிறேன். அங்கே இருந்தது சிமெண்ட் தரை, இங்கே டைல்ஸ். எவ்வளவு இழுத்தாலும் வேறு வீட்டில் இழுப்பது போலவே கேட்கிறது. உன்னிடம் வேறு டேக் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? இல்லையென்றால் சிமெண்ட் தரை உள்ள இடமாக நீ சொல். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். விசிறியையும் நானே நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அன்று கதவைத் திறந்தவன்