பீர் குடித்தால் முகம் சிவக்கிறதாமே

அன்புள்ள தம்பி,

போனில் நீ போகிற போக்கில் சொன்ன ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் ஷிஃப்டில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் பீர் குடித்தாலே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கிறது என்றாயே, அதுதான்.

செயற்கைத் தோல் பூச்சு வேலையில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைக் கரைக்க டைமெத்தில் ஃபார்மமைடு ஊற்றுவார்கள். உங்கள் ட்ரம்மில் டிஎம்எஃப் என்று போட்டிருக்கும். அது உடம்பில் இருந்தால், குடித்த மது முழுதாக உடையாமல் பாதியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகத் தேங்கிவிடும். முகம் அதனால் சிவக்கும். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் டிஎம்எஃப் புழங்குகிறவருக்கு இது புதிதாக வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான் வரவேண்டும். நீ குடிப்பதில்லை, அதனால் உனக்கு அந்த அடையாளமும் தெரியாது.

டிஎம்எஃப்பை உடைப்பது கல்லீரல்தான். உடைக்கும்போது உண்டாகும் பொருள்களே அதன் செல்களைக் கெடுக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே பாதிப்பு வருவதுண்டு. வயிற்று வலி, குமட்டல், பசி குறைவது என்று ஆரம்பிக்கும். எல்லோரும் கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். நீயும் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னாய், தம்பி.

மூச்சில் போவதைவிட எனக்குப் பயம் உன் கைகளை நினைத்துத்தான். இந்தத் திரவம் தோல் வழியே சுலபமாக உள்ளே போகும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதைத் தடுக்காது, பியூட்டைல் ரப்பர் கையுறைதான் வேண்டும். கையுறைக்குள் ஈரம் பட்டால் உடனே கழற்றிவிட்டுக் கையைக் கழுவு. கையில் ஒட்டிய பசையைக் கரைப்பான் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. தூசிக்குப் போடும் மாஸ்க் ஆவியைப் பிடிக்காது, அதற்குத் தனி கார்ட்ரிட்ஜ் உண்டு. இதையெல்லாம் கம்பெனிதான் வாங்கித் தரவேண்டும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும் சேர்த்து. கேட்கக் கூச்சப்படாதே.

ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் இளம் தொழிலாளர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012இல் தெரியவந்தது. மை துடைக்கும் கரைப்பானில் இருந்த 1,2-டைகுளோரோபுரோப்பேன்தான் காரணம் என்று பிறகு கண்டார்கள். உன்னுடையது வேறு ரசாயனம், ஆனால் அவர்களும் காற்று வெளியேறாத அறையில்தான் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் இருந்தவளாகச் சொல்கிறேன்: கல்லீரல் கெட்டிருக்கிறதா என்று காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் இந்த வாரமே பார்த்துவிடு. ஷிஃப்ட் முடிந்ததும் சிறுநீரில் என்-மெத்தில் ஃபார்மமைடு, அதாவது டிஎம்எஃப் உடம்பில் உடைந்து வருவது, பார்க்க முடியுமா என்றும் கேள். டாக்டரிடம் என்ன வேலை, என்ன ரசாயனம் என்று நீயாகவே சொல். பெரும்பாலும் ‘குடிப்பீர்களா’ என்று மட்டும் கேட்டு விட்டுவிடுவார்கள். அளவு கூடியிருந்தால் அந்த வேலையிலிருந்து கொஞ்ச நாள் விலகியிரு. ஆரம்பத்திலேயே விலகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த அண்ணனையும் கூட அழைத்துப் போ. சரியாகும்வரை அவர் மதுவைத் தொடவே வேண்டாம். ட்ரம் லேபிளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ரிப்போர்ட் வந்ததும் அதையும்.

அம்மா