கீழக்கரையிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் வேட்பாளர் முஸ்லிம், 2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்க எண்ணுகிறார் என்று எழுதியிருந்தாய். நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் ஜனாதிபதி ஆகவில்லையா என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கணக்கு அங்கே செல்லாது மகளே. 2002-இல் கலாமைத் தேர்ந்தெடுத்தவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். ஆளுங்கட்சியும் காங்கிரசும் ஒரே பக்கம் நின்றதால் அவருக்கு 9,22,884 வாக்கு மதிப்பு விழுந்தது. லட்சுமி சேகலுக்கு 1,07,366. அமெரிக்காவிலோ முதலில் கட்சிக்காரர்களிடம் மாநிலம் மாநிலமாக ஜெயிக்க வேண்டும், பிறகு நாடு முழுக்க ஓட்டுக் கேட்க வேண்டும்.

சட்டத்தில் தடை இல்லை. எந்தப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாக வைக்கக்கூடாது என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவு. நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்த முஸ்லிமான மம்தானி அதிபர் தேர்தலில் நிற்க முடியாததற்குக் காரணம் அவர் உகாண்டாவில் பிறந்து பிற்பாடு குடியுரிமை பெற்றவர் என்பதுதான்.

தடை மனசில் இருக்கிறது. தகுதியான முஸ்லிம் ஒருவரை உங்கள் கட்சி நிறுத்தினால் ஓட்டுப் போடுவீர்களா என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 2015-இல் 60 சதவீதம் பேர், 2019-இல் 66 சதவீதம் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் எல்லாக் கட்சியிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. 2015-இல் குடியரசுக் கட்சியினரில் சரி என்றவர்கள் பாதிகூட இல்லை. அதனால் எந்தக் கட்சியில் நிற்கிறார் என்பதே முதல் கேள்வி.

அங்கே முதல் கத்தோலிக்க அதிபரான கென்னடியைப் பற்றிப் படி. 1928 அதிபர் தேர்தலில் கத்தோலிக்கரான அல் ஸ்மித் தோற்ற பிறகு, இன்னொரு கத்தோலிக்கர் தேறமாட்டார் என்றே பலரும் நம்பினார்கள். கென்னடி 1960 மே மாதம், கத்தோலிக்கர் மிகக் குறைவான மேற்கு வர்ஜீனியாவில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜெயித்துக் காட்டினார். செப்டம்பர் 12-இல் ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் நடுவே பேசி, அவர்கள் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். உங்கள் ஆளும் அப்படி, சந்தேகப்படுகிறவர்கள் இருக்கும் சபைக்கே போய், விரிவாக ஒரு முறை பேசட்டும். பேசாமல் விட்டால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். ஒபாமா கிறிஸ்தவர், பதவியில் இருந்த 2010-லேயே அவரை முஸ்லிம் என்று நினைத்தவர்கள் 18 சதவீதம் என்றது பியூ ஆய்வு.

இனி உன் வேலைக்கு வருகிறேன். 2028-இல் நோன்பு ஜனவரி 28 வாக்கில் தொடங்கும், பெருநாள் பிப்ரவரி 26 வாக்கில் வரும். முதல் மாநிலங்களின் வாக்குப்பதிவு வழக்கமாக விழுகிற காலமே அது. அந்த முதல் மாநிலங்களில் ஒன்றான நியூ ஹாம்ப்ஷையரில் அப்போது பொழுது ஐந்து, ஐந்தரைக்கே சாய்ந்துவிடும். நம்ம கரையைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி நோன்பு திறக்கலாம். நாக்கு வறண்டால் குரல் கம்மும். ஆகவே பெரிய கூட்டங்களை ஆறரைக்கு மேல் வை. பகலில் கைகுலுக்கும் சந்திப்புகள் போதும். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. அவர் அதை எடுத்துக்கொள்வாரா இல்லையா என்பதை முன்னாலேயே முடிவு செய்து சொல்லிவிடட்டும். இல்லாவிட்டால் கையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு படம் வந்தாலே இரண்டு பக்கமும் பேச்சாகிவிடும்.

ஆகஸ்டில் அயோவா மாநிலத்து விவசாயக் கண்காட்சிக்குப் போகிற வேட்பாளரைக் குச்சியில் செருகிய பன்றிக்கறியோடு படம் எடுப்பது அங்கே வழக்கம். சோளக்கதிரைக் கையில் எடுக்கட்டும். ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சோள விலையைப் பற்றிப் பேசட்டும்.

குர்ஆன் மீது உறுதிமொழி எடுப்பாரா என்று கட்டாயம் கேட்பார்கள். எந்த நூலும் வேண்டும் என்று சாசனம் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எல்லிசன் 2007-இல், பழைய அதிபர் ஜெபர்சன் வைத்திருந்த குர்ஆனையே பயன்படுத்தினார். அதை நினைவில் வைத்துக்கொள்.

சமுதாய ஓட்டு மொத்தமாக விழும் என்று மட்டும் எண்ணிவிடாதே. நாட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 1 சதவீதம்தான், அவர்களும் ஒரே பக்கம் நிற்பதில்லை. முஸ்லிம்கள் நிறைய வாழும் டியர்பார்ன் நகரில் 2024-இல் டிரம்ப் முதலிடம் பிடித்தார். ஜனநாயகக் கட்சியின் ஹாரிசும் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனும் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள்.

ஓட்டுக் கேட்டுப் போகிற வீட்டு வாசலில் யாராவது மதத்தை இழுத்தால் வாதாடாதே. ஆமாம், முஸ்லிம்தான் என்று சொல்லிவிட்டு, அவர்கள் மருத்துவச் செலவு எவ்வளவு ஆகிறது என்று கேள். அவர்கள் பேசட்டும், நீ குறித்துக்கொள்.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள்.

துஆவுடன்,
வாப்பா