உத்தரியம் தாயத்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் கத்தோலிக்கர்கள் கழுத்தில் போடும் உத்தரியத்தைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் கட்டும் தாயத்து போல என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆட்களிலேயே பலர் அப்படி நினைத்துத்தான் போடுகிறார்கள், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

உத்தரியம் ஒரு உடுப்பு. கார்மேல் சபை என்கிற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவிகள் அங்கிக்கு மேலே, தோளிலிருந்து முன்னும் பின்னும் தொங்கும்படி ஒரு நீளத் துணி போடுவார்கள் இல்லையா, அதைத்தான் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்காகச் சுருக்கி, பழுப்புக் கம்பளியில் இரண்டு சின்னத் துண்டாக்கி நாடாவில் கோத்திருக்கிறார்கள். ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில் கிடக்க வேண்டும்.

1251-ல் கார்மேல் சபைத் துறவியான புனித சைமன் ஸ்டாக்குக்கு மாதா காட்சி கொடுத்து, இதை அணிந்து இறப்பவர் நரக நெருப்புக்கு ஆளாகமாட்டார் என்று சொன்னதாக மரபு. திருவிழாக் கடையில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லி விற்றால், வாங்குகிறவர் மாட்டிக்கொண்டால் போதும் என்றுதானே நினைப்பார்? திருச்சபை ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. இதைப் போட்டவர் மாதா வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டுப் பிள்ளையாக நடக்கவும் வேண்டும்: ஜெபம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது), நன்மை வாங்குவது (பூசையில் நற்கருணை பெறுவது) எல்லாம் சேர்ந்ததுதான். தானும் நெடுங்காலமாக உத்தரியம் அணிவதாக 2001-ல் கார்மேல் சபையினருக்கு எழுதிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மாதா பக்தி ஏதோ சில நேரத்து ஜெபத்தோடு முடிவதல்ல, வாழ்க்கை முழுக்க இருக்க வேண்டியது என்று அதே கடிதத்தில் சொல்கிறார்.

அப்புறம், முதல் உத்தரியத்தைக் கடையில் வாங்கி நாமே மாட்டிக்கொள்ளக் கூடாது, சாமியாரிடம், அதாவது குருவிடம், ஆசீர்வதித்து வாங்கி அவர் கையால் போட்டுக்கொள்ள வேண்டும். நைந்துபோய் மாற்றும்போது அந்தச் சடங்கு மறுபடி தேவையில்லை. பழையதைக் குப்பையில் வீசாமல் எரித்துவிடலாம், அல்லது புதைக்கலாம். நம் ஊர் வியர்வையில் கம்பளி கடிக்கிறது என்பவர்கள், துணி உத்தரியத்தை ஒருமுறை பெற்ற பிறகு, ஒரு பக்கம் இயேசுவின் திரு இருதயமும் மறு பக்கம் மாதாவும் உள்ள பதக்கத்தைப் போடலாம். 1910-லேயே திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில் அனுமதி தந்தாயிற்று.

ஜூலை 16 கார்மேல் மாதா திருநாள். அன்றைக்காவது பங்குச் சாமியார்கள் உத்தரியத்தைப் போட்டுவிடும் முன் பிரசங்கத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும். நீங்களும் அடுத்த முறை எழுதுவதற்கு முன் கார்மேல் சபைக் குரு ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்