வங்கிக் கிளையில் இரண்டு தலைமுறைகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து காலையில் மீண்டும் நடக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி. ஆனால், மகன் வங்கி வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்வதைக் குறித்தும், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நிறுவனத்தின் மேல் பற்றே இல்லை என்றும் நீங்கள் எழுதியிருந்த பகுதியோடு என்னால் உடன்பட முடியவில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறும்வரை அவன் வயதுப் பிள்ளைகளோடுதான் நான் நாள் முழுவதும் இருக்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1985-இல் நாம் எழுத்தர்களாகச் சேர்ந்தபோது, நமக்கு லெட்ஜர் எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் நம்மைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர்கள். அண்ணன் போல் கோபித்துக்கொள்வார்கள், மாலையில் அவர்களே தேநீர் வாங்கித் தருவார்கள். இன்று எங்கள் கிளையில் ஐம்பதைக் கடந்தவர்களும் முப்பத்தைந்துக்குக் கீழானவர்களும்தான் இருக்கிறார்கள். தொண்ணூறுகளில் ஆளெடுப்பு ஏறக்குறைய நின்றுபோனதும், 2001-இல் வங்கிகளுக்கு ஆளெடுத்த தேர்வு வாரியங்கள் கலைக்கப்பட்டதும், நீங்கள் வெளியேறிய அந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகியதும் சேர்ந்து நடுவில் ஒரு தலைமுறையையே இல்லாமல் செய்துவிட்டன. 2011-இல் பொதுத்துறை வங்கிகளுக்கு ஆளெடுக்கும் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு வந்த பிறகு திரளாக நுழைந்த பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லித்தர, அவர்களுடைய தகப்பன் வயதில் இருக்கும் நாங்கள் மட்டுமே மிஞ்சினோம். தகப்பனிடம் கேட்கத் தயங்கும் சந்தேகத்தை எங்களிடமும் அவர்கள் கேட்பதில்லை. நாங்களும் பல நேரங்களில் தகப்பனைப் போலவே பதில் சொல்கிறோம்.

பற்று என்று நாம் பெருமையோடு சொல்வதற்குப் பின்னால் ஓய்வூதியம் இருந்தது, சங்கம் இருந்தது, சொந்த மாவட்டத்திலேயே பல ஆண்டுகள் வேலை பார்க்கும் வாய்ப்பு இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு நமக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் கிடையாது. சந்தைக்கேற்ப ஏறி இறங்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம் (என்.பி.எஸ்.) மட்டும்தான். அதிகாரியாகச் சேர்பவரை மொழி தெரியாத மாநிலத்துக்குக்கூட அனுப்பலாம். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "இன்று எத்தனை காப்பீட்டுப் பாலிசி?" என்று கேள்வி வருகிறது. ஓய்வை நெருங்கிவிட்ட என்னால் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்க முடிகிறது. பணி உறுதியாகாத ஓர் இளம் அதிகாரியால் முடியாது. கடன் தருவதும் வைப்பு திரட்டுவதும் வங்கித் தொழில். காப்பீடு விற்றுத் தரும்படி ஒரு பிள்ளையை இரவில் விரட்டுவது தொழிலாகாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மூத்தவர்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயது அதிகாரி ஒருவரை எங்கள் காசாளர் "பாப்பா" என்று அழைத்துக்கொண்டிருந்தார். அன்போடுதான் அழைத்தார், ஆனால் வாடிக்கையாளர்கள் முன்னால் அப்படி அழைக்கப்பட்டவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடன் ஆவணத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? அந்த அதிகாரி தனியே சென்று பணிவாகச் சொன்ன பிறகு காசாளர் "மேடம்" என்று மாற்றிக்கொண்டார்.

அந்த இருவரையும் பற்றி நான் மறக்க முடியாத ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வைப்புத்தொகை முழுவதையும் முறித்து வேறொரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தார். கையிலிருந்த கைப்பேசியில் அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வட்டியைப் பைசா வரை சரிபார்க்கும் அந்த அம்மாள் வைப்பைத் தவணைக்கு முன்பே முறிப்பதற்கான அபராதம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லையே என்று உறுத்தியது காசாளருக்கு. பல ஆண்டுப் பழக்கம் அது. அவர் மேடத்திடம் சொன்னார். மேடம் ஒரு நொடியில் அது, போலீஸ் என்று சொல்லிக் கைப்பேசியிலேயே மிரட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடி என்று புரிந்துகொண்டு, கைப்பேசியை வாங்கி அழைப்பைத் துண்டித்து, அந்த அம்மாளை உள்ளே அமர்த்தி, 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் அவரையே புகார் சொல்ல வைத்தார். பணம் போகவில்லை. காசாளருக்கு அந்த மோசடியின் பெயர் தெரியாது. மேடத்துக்கு அந்த அம்மாளைத் தெரியாது.

இதன் பிறகு, புதன்தோறும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் நகைக்கடன் தரும் முறையையும் பழைய சொத்துப் பத்திரங்களைப் படித்துப் பார்க்கும் முறையையும் நான் சொல்லித்தருவதென்றும், யு.பி.ஐ. புகார்களைத் தீர்க்கும் வழியை இளையவர்கள் எங்களுக்குச் சொல்லித்தருவதென்றும் ஏற்பாடு செய்திருக்கிறோம். மேலாளரும், அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான், மனமுவந்து சம்மதித்தார்.

மகனிடம் பேசும்போது நம் காலத்துக் கதையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, அவன் கிளையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கற்றுக்கொடுக்க யாராவது உண்டா, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று கேளுங்கள். அதன் பிறகும் விலகத்தான் வேண்டும் என்று அவன் சொன்னால் தடுக்காதீர்கள். முடிவெடுக்கும் முன் என்னோடு பேச விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்திலும் அழைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும்.

தங்கள் அன்புள்ள
பழைய கவுண்ட்டர்த் தோழன்